எலும்புக்கும் ஜிஎஸ்எம் உண்டு

போன வாரம் என் எலும்புக்கு ஜிஎஸ்எம் பார்த்துவிட்டு வந்தேன்.

சிரிக்காதீர்கள். பனியன் துணியை வட்டமாக வெட்டி, தராசில் வைத்து, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்ப்போமே, அதுதான் ஜிஎஸ்எம். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு முதலிபாளையம் பனியன் கம்பெனியில், துணியில் ஓட்டை, கறை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போனவள் நான். எதையும் துணிக் கணக்கில் சொன்னால்தான் மண்டையில் ஏறும்.

குனிந்து குடத்தைத் தூக்கினேன். முதுகில் சுளீர். அவ்வளவுதான்... சாயங்காலத்துக்குள் மனசுக்குள்ளேயே படுத்த படுக்கையாகி, வீட்டுக்கு நர்ஸ் அம்மா வரைக்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். எனக்கா கவலைப்படக் கற்றுத்தர வேண்டும்?

என் குடல் விவகாரம் பேப்பரில் என்னைப் படிக்கும் பழைய வாசகர்களுக்குத் தெரியும். பெருங்குடலில் அழற்சி. வரும், அடங்கும், மறுபடி வரும். அதைப் பார்க்கும் டாக்டரம்மாதான் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

"சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம்னு போட்டிருக்கு பாருங்க" என்றார் ரிப்போர்ட்டைக் காட்டி.

"ஏனுங்க, எலும்புக்குமா ஜிஎஸ்எம்?"

"ஆமாங்க. உங்க துணி இப்ப லேசா இருக்கு. இன்னும் கிழியல. இப்படியே விட்டா இடுப்பு எலும்பு ஒருநாள் முறியும். பால், தயிர் சாப்பிடறீங்களா?"

"அய்யோ, பத்தியமுங்க!"

"யாரு சொன்னது?"

யோசித்துப் பார்த்தேன். யார் சொன்னது?

"நானேதானுங்க..."

அப்போதுதான் அந்த மூடி ஞாபகத்துக்கு வந்தது.

நான் கம்பெனியில் இருந்த காலத்தில், எங்கள் செக்கிங் செக்ஷனில் மதியம் வட்டமாக உட்காருவோம். கூட வேலை பார்த்த மரகதக்கா தன் டிபன் மூடியைச் சுற்றுக்கு விடுவார். ஆளுக்கு ஒரு கரண்டி அதில் வைப்போம். ஒருத்தி வீட்டு அரிசிம்பருப்புச் சாதம், இன்னொருத்தி வீட்டுக் கொள்ளுப் பருப்பு, கீரை, கெட்டித் தயிர். சுற்றி வந்த மூடி அன்றைக்கு யார் முகம் வாடியிருக்கிறதோ அவள் முன்னால் போய் நிற்கும். எங்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். எவ்வளவு ருசி! இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

பிறகு எனக்கு வயிறு கெட்டது. எதைத் தின்றாலும் பாத்ரூமுக்கு ஓட்டம். 'எக்ஸ்பிரஸ்' என்றே பேர் வைத்தார்கள். நான் ஓடும்போதெல்லாம் என் துணி ரோலையும் சேர்த்து மரகதக்கா பார்த்துக்கொள்வார். நானோ தயிரில் ஆரம்பித்து, கீரை, பருப்பு என்று ஒவ்வொன்றாக விட்டேன். கடைசியில் ரசம் சோறும் பிஸ்கட்டும். வட்டத்தை விட்டுத் தள்ளி, அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் தனியாகத் தின்றேன். வயிறு அடங்கிய பிறகும் பயம் அடங்கவில்லை.

நடுவில் ஸ்டீராய்டு மாத்திரை. முகம் பொம்மென்று ஆனது. "அம்மிணிக்கு ஒடம்பு தேறிருச்சு!" என்று எல்லோருக்கும் சந்தோசம். சாஃப்ட்னர் போட்ட துணி கைக்கு மொத்தென்று இருக்குமே, தராசில் வைத்தால்தானே லேசு என்று தெரியும்? குடல் புண்ணாக இருந்தபோது சத்து ஒட்டவில்லை. மாத்திரை தன் பங்குக்கு எலும்பை அரித்தது. மிச்சத்தை என் பத்தியம் பார்த்துக்கொண்டது. வெயில்? காலையில் கம்பெனி வேன், பகலெல்லாம் டியூப்லைட். ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது பார்த்தால் உண்டு.

டாக்டரம்மா கால்சியமும் வைட்டமின் டி-யும் எழுதினார். நடக்கச் சொன்னார். "வயிறு அடங்கியிருக்கறப்ப கொஞ்சங் கொஞ்சமா சாப்பிட்டுப் பாருங்க. சிலருக்குப் பால் ஒத்துக்காது, தயிர் ஒத்துக்கும். உங்களுக்கு எதுன்னு பாத்துக்கலாம். நீங்களா எதையும் விடாதீங்க, மாத்திரையையும்தான்."

சொல்லிவிட்டார். வீட்டில் தயிர்க் கிண்ணத்தை எடுப்பதும் வைப்பதுமாக நாலு நாள் போனது. தின்றால் வயிறு போய்விடுமோ? தின்னாவிட்டால் இடுப்பு போய்விடுமோ? ஐந்தாம் நாள் பஸ் ஏறி முதலிபாளையம் போய்விட்டேன், சரியாக மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு.

மரகதக்கா இப்போது அதே செக்ஷனுக்கு சூப்பர்வைசர். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஏன் அம்மிணி, பேப்பர்ல எழுதறவங்களுக்கு எங்க நெனப்பெல்லாங்கூட வருமா?"

ஸ்கேன் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், தன் டிபன் மூடியைக் கழற்றிச் சுற்றுக்கு விட்டார். வட்டத்தில் தெரியாத முகங்கள். இந்தி பேசும் ஒரு பெண் சப்பாத்தித் துண்டு வைத்தாள். மூடி என் முன்னால் வந்து நின்றது. அதன்மேல் மரகதக்கா ஒரு கரண்டி தயிரை ஊற்றினார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னத்தப் பாக்கற? பாத்ரூம் அதே எடத்துலதான் இருக்குது. பயப்படாமத் தின்னு."

புளிக்காத தயிர். எத்தனை வருடம் ஆயிற்று! கண் கலங்கியது, காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். தயிரில் ஏது காரம்? யாரும் கேட்கவில்லை.

கடைசி வாய் இறங்கியதும் எழுந்து பாத்ரூம் பக்கம் நடந்தேன். மரகதக்கா பாதிச் சோற்றில் பதறி எழுந்து பின்னாலேயே வந்துவிட்டார்.

மூடியைக் கழுவத்தான் போனேன்!