எதிர்மலைக்கு வைத்த பேஸ்

என் கணவர் சவுண்ட் செட் போட்டவர். பண்ணைக்காட்டைச் சுற்றிக் கோயில் திருவிழா, சர்ச் திருவிழா, காதுகுத்து எதுவானாலும் அவருடைய பெட்டிகள்தான் முழங்கும். பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று நின்று காது போய்விட்டது. மெஷின் வைத்தும் பயனில்லை.

நான் கொடைக்கானலுக்குச் சவாரி கார் ஓட்டுகிறவள். முன்பெல்லாம் சவாரி இல்லாத நாளில் நான் கடைகண்ணிக்குக் கிளம்பினால் முன்சீட்டில் உட்கார்ந்து பாட்டுப் போட்டுக்கொண்டே வருவார். காது போன பிறகு கூப்பிட்டால், "ஊமை வண்டில வந்து நான் என்ன செய்ய? நீ போயிட்டு வா" என்று திண்ணமாகச் சொல்லிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காது போனால் போகட்டும், நெஞ்சு இருக்கிறதே! பேஸ் என்கிற அந்தக் கனத்த அதிர்வு நெஞ்சில்தானே அடிக்கும்? எப்படியாவது அந்த முன்சீட்டில் அவரை மறுபடி உட்கார வைத்துவிட வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

செட்டை விற்றபோது மிஞ்சிய இரண்டு பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர்கள் வீட்டில் காப்பி மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தன. வத்தலக்குண்டில் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் என் தம்பியை வரவழைத்தேன்.

"அக்கா, இது மைதானத்துல வைக்கிற ஸ்பீக்கரு. கார் சப்வூஃபர் மாதிரி இல்ல, உள்ள இருக்குற காயிதக் கோன் வெறைப்பா இருக்கும். சின்னப் பெட்டில போட்டா டொக்கு டொக்குன்னு தட்டும், அடி எறங்காது."

"அப்பப் பெரிய பெட்டியாச் செய்யி."

"டிக்கி பூராம் போயிரும். சவாரிக்காரங்க சாமானெல்லாம் எங்க வைக்கிறது?"

"மேல கேரியர்ல கட்டிக்கிறேன். நீ வெரசா சோலியப் பாரு."

பிளைவுட்டை அறுத்துப் பெட்டி செய்து டிக்கியில் வைத்தான். இரண்டு ஸ்பீக்கரையும் சேர்த்து இணைத்தால்தான் கார் ஆம்பிளிஃபயர் முழுபலத்தையும் தரும் என்று அப்படியே இணைத்தான். அடுத்தது சோதனை.

எங்கள் மலையில் செட்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டைப் போட்டதும் ஒரு ஆள் எதிர்ச்சரிவில் ஏறி நிற்க வேண்டும். பேஸ் அங்கே வந்து சேர்ந்தால் துண்டை வீசுவான். சேரும்வரை கீழே ஆம்பிளிஃபயரைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். நாங்களும் விடவில்லை. டிக்கியைத் திறந்து வைத்துவிட்டுத் தம்பி பாட்டைப் போட்டான். நான் காப்பித் தோட்டம் வழியாக மூச்சிரைக்க ஏறினேன். வந்து சேர்ந்தது பாருங்கள் ஒரு அடி, மலையே பேசுகிற மாதிரி. துப்பட்டாவை வீசு வீசென்று வீசினேன்.

ஓடிவந்து அவரைக் கையைப் பிடித்து இழுத்து முன்சீட்டில் உட்கார வைத்தேன். டிக்கியை மூடிப் பாட்டைப் போட்டோம். என்னை நோகடிக்கக் கூடாது என்று கொஞ்ச நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் தெரியலயே" என்று இறங்கிவிட்டார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். தம்பி வந்து, "அக்கா, மாமாவ வந்து பாருங்க" என்றான். அவர் டிக்கிக்குள் தலையை விட்டுப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க நின்னு கேட்டீங்க?" என்றார்.

எதிர்ச்சரிவைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"எதிர்மலைக்கு வச்சிருக்கீங்க. கேக்கப்போறவன் வண்டிக்குள்ளதான ஒக்காந்திருக்கான்?"

தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான். வெளியே பார்த்திருந்த பெட்டியை அவரே முன்பக்கமாகத் திருப்பினார். அடியை மறித்துக்கொண்டிருந்த பின்சீட்டுச் சாய்மானத்தைக் கழற்றி வீட்டுக்குள் போட்டார். முன்சீட்டின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தம்பியை ஆம்பிளிஃபயரில் திருகச் சொன்னார். கண்ணாடி நடுங்கியது. "இன்னும்" என்றார். கதவு நடுங்கியது. "ம், இப்ப வருது" என்றார். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

முன்சீட்டில் ஏறிப் பெல்ட்டை மாட்டினார். "வண்டிய எடு."

வத்தலக்குண்டுப் பாதையில் இறங்கினோம். சீட்டு வழியாக முதுகில் ஏறிய அடி என் தொண்டைவரை வந்தது. அவர் பாடத் தொடங்கினார். சுருதி எங்கெங்கோ போனது, தாளம் மட்டும் கொஞ்சமும் பிசகவில்லை. சந்தோஷம் தாங்காமல் நானும் கூடவே கத்திப் பாடினேன்.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ தாளத்த விட்டுட்ட, பிந்தி வர்ற" என்றார்.