ஒன்பதாம் நாள் ஏன் முங்கவில்லை?

அந்த ஏழு மாதமும் மாலை ஐந்து மணிக்குப் பிறகு நான் ஆங்கிலம் படித்தேன். வேறு எதுவும் செய்ததாக நினைவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் எனக்குத் தபால் பதிவேடு எழுதும் வேலை. எதிர் மேசையில் டைப் அடித்தவள் என் தோழி. இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில், பொருளாதாரத்தைத் தமிழில் படித்து பி.ஏ. முடித்தவர்கள். என் அப்பாவுக்கு ஊருக்குள் பலசரக்குக் கடை. அவள் ஊர் கீழவைப்பார், கடலோரக் கிராமம். அங்கே அவள் அப்பா கடலில் முங்கிச் சங்கு எடுப்பவர். வார நாட்களில் அவள் தூத்துக்குடியில் அத்தை வீட்டில் தங்கி வேலைக்கு வந்தாள்.

வடக்கே ஒரு பல்கலைக்கழகம் எம்.ஏ.வுக்கு நுழைவுத் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறது, தேறினால் விடுதியும் உதவித்தொகையும் உண்டு என்ற விளம்பரத்தை நான்தான் முதலில் பார்த்தேன். அலுவலகத்துக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகையைக் கோப்பில் வைப்பதும் என் வேலையில் அடக்கம். இரண்டு தாள்கள்: ஒன்று பொருளாதாரம், மற்றது ஆங்கிலம். ஆங்கிலத்தில் தேறினால்தான் மற்றத் தாளைப் பிரிப்பார்கள்.

அவள் வீட்டில் ஒரு முறை எழுதிப் பார்க்கச் சம்மதித்தார்கள். ஒரு முறைதான். அடுத்த ஆண்டு தங்கை கல்லூரியில் சேர வேண்டும், அப்போது இவள் வேலையில் இருந்தாக வேண்டும். எனக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை. கடை இருந்தது, அண்ணன் இருந்தார். தவறினால் அடுத்த ஆண்டு மறுபடி எழுதலாம். இதை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

எங்கள் படிப்பு இப்படி நடந்தது. காலையில் வேலை தொடங்குமுன் அவள் அகராதியிலிருந்து இருபது சொற்களை எடுத்து, கழித்துப்போட்ட சரக்குப் பட்டியல்களின் பின்பக்கத்தில் டைப் அடிப்பாள். மேல்தாள் அவளுக்கு. கார்பன் பிரதி எனக்கு. கார்பன் தேய்ந்த வாரங்களில் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து தெரியும். அப்படித் தப்பாகவே மனப்பாடம் செய்த சொற்கள் சில எனக்கு உண்டு. பின்னாளில் பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்த உட்கார்ந்தபோதுதான் அவற்றைக் கண்டுபிடித்தேன்.

மாலையில் எல்லோரும் போன பிறகு இலக்கணம். எங்களிடம் இருந்தது பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு கைடு. முன்பு வைத்திருந்தவர் எல்லாக் கேள்விக்கும் பென்சிலால் விடை எழுதியிருந்தார். முதல் வாரம் முழுவதும் அவற்றை ரப்பரால் அழித்தோம். அழித்த பிறகும் தாளில் தடம் இருந்தது, விளக்குக்கு நேரே பிடித்தால் தெரியும். நான் பிடித்துப் பார்த்ததுண்டு. அவள் பார்க்க மாட்டாள்.

அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் புழங்கினோம். அது பரீட்சைக்கு உதவவில்லை. எங்கள் கடிதங்களில் எல்லா வாக்கியமும் பணிவில் தொடங்கி வேண்டுகோளில் முடியும், நடுவில் கப்பல் பெயர் மட்டும் மாறும். அதை எட்டு மணி நேரம் அடித்து ஓய்ந்த விரல்களோடு அவள் செயப்பாட்டு வினைக்கு வருவாள். எனக்குக் கண் எரியும். மார்ச்சுக்கு மேல் மின்விசிறி சூட்டைச் சுற்றிவிட்டதே தவிர வேறொன்றும் செய்யவில்லை. உப்பு லாரிகள் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். ஆறு மணிக்கு மாதா கோயில் மணி கேட்டதும் அவள் சிலுவை போட்டுக்கொண்டு, விட்ட வரியிலிருந்தே தொடர்வாள்.

சாவி வைத்திருந்த தலைமை எழுத்தர் வாசலில் நின்று கொட்டாவி விடுவார்.

"ஏளா, அந்த ஃபேனுக்காவது ஓய்வு குடுக்கப்படாதா?"

"பத்து நிமிசம் அண்ணாச்சி."

"போன வாரமும் இதே பத்து நிமிசத்தத்தான் சொன்னிய. டெல்லிக்குப் போயி என்ன செய்யப் போறிய? அங்கயும் இவ டைப்பு அடிப்பா, நீ தபால ஒட்டுவ."

"ஒட்டுனா ஒட்டிட்டுப் போறா. நீங்க வந்தா உங்களுக்கு டீ வாங்கித் தருவோம்" என்பாள் இவள், தலையைத் தூக்காமல்.

கடைசி அரை மணி நேரம் பத்தி வாசிப்பு. கைடில் இருந்த பத்திகள் பனி விழும் ஊர்களைப் பற்றியவை. நரி வேட்டை, கடிகாரம் செய்பவர், மூடுபனியில் நின்றுபோன ரயில். ஒவ்வொன்றின் கீழும் ஐந்து கேள்விகள். முதல் பக்கத்திலேயே விதி பெரிய எழுத்தில் இருந்தது: பத்தியில் உள்ளதை மட்டும் எழுதுக. இதில் என்னைவிட அவள் பல படி மேல். நான் ரயிலில் இருந்தவர்கள் பயந்திருப்பார்கள் என்று எழுதுவேன். அவள் என் தாளை வாங்கிப் பார்ப்பாள்.

"பயந்தான்னு பத்தில இருக்கா?"

"இல்ல. ஆனா பயப்பட மாட்டானா?"

"இருக்கா, இல்லையா?"

"இல்ல."

"அப்பம் அடி."

நான் அந்த வரியை அடித்துவிடுவேன். பனியைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? எழுதியவர் சொன்னதை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு கீழவைப்பாருக்குப் போனேன். அங்கேயும் படிப்பதாகத்தான் திட்டம். நல்ல வெயில், நல்ல நாள். சங்குப் பருவம் நடந்துகொண்டிருந்தது, ஆனால் அவள் அப்பா மூன்று நாளாக வீட்டில் இருந்தார். வாசலில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு காது அவருக்குச் சரியாகக் கேட்காது, முங்கி முங்கி அடைத்துப்போனது. இளவயதில் முத்துக்குளிப்புக்கும் போனவர்.

"கடலுக்குப் போகலையா மாமா?" என்று உரக்கக் கேட்டேன்.

"தண்ணி கலங்கிக் கெடக்கு பிள்ள. கீழ போனா கையே தெரியாது. கை தெரியாத எடத்துல சங்க எங்கன தேட?" என்றார். "மேல இருந்து பாக்கவனுக்குக் கடல் எல்லா நாளும் ஒண்ணுதான். சோம்பல்னு சொல்லுவான். அவன எறங்கச் சொல்லு."

அன்று மதியம் அவர்கள் வீட்டில் மீன் குழம்புச் சோறு சாப்பிட்டுவிட்டு, இரண்டு பத்திகள் போட்டுப் பார்த்தோம். ஒன்று தேனீக்களைப் பற்றியது. மற்றது மறந்துவிட்டது.

மே மாதம் சென்னையில் தேர்வு. என் அண்ணன் துணைக்கு வந்தார். ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் வரிசைக்கு இருவராக உட்காரவைத்தார்கள். அவள் எனக்கு நான்கு வரிசை முன்னால். இலக்கணம் எதிர்பார்த்தபடியே இருந்தது. சொற்களில் பாதிக்கு மேல் எங்கள் பட்டியலில் இருந்தவை. கடைசிப் பக்கத்தைத் திருப்பியதும் பத்தி.

அது எங்கள் கடலைப் பற்றியது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு. எப்போதோ வந்துபோன ஒரு வெள்ளைக்காரர் எழுதியதுபோல இருந்தது. காலில் கல், இடுப்பில் கயிறு, மூச்சடக்கி இறங்குவது, படகில் கயிற்றைப் பிடித்திருக்கும் ஆள், கரையில் சுறா அண்டாதபடி மந்திரம் சொல்பவர் எல்லாம் இருந்தது. எட்டு நாள் முங்கியவர்கள் ஒன்பதாம் நாள், கடல் அமைதியாகவும் வானம் தெளிவாகவும் இருந்தபோதும், இறங்க மறுத்தார்கள் என்று பத்தி முடிந்தது. இந்த மக்கள் இயல்பிலேயே சோம்பலும் மூடநம்பிக்கையும் உள்ளவர்கள், ஏதோ ஒரு கெட்ட சகுனம் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது என்றார் எழுதியவர்.

ஐந்தாவது கேள்வி: ஒன்பதாம் நாள் அவர்கள் ஏன் முங்கவில்லை? அதிக மதிப்பெண் அதற்குத்தான். ஒரு பத்தி அளவுக்கு விடை கேட்டிருந்தார்கள்.

நான் அவளுடைய முதுகைப் பார்த்தேன். குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். எனக்குக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தவரின் கை நினைவுக்கு வந்தது. பிறகு, பத்தியில் இருக்கா என்ற கேள்வி வந்தது. இல்லை. சோம்பல் என்று எழுதினேன். மூடநம்பிக்கை என்று எழுதினேன். இரண்டுக்கும் நல்ல ஆங்கிலச் சொற்கள் என்னிடம் இருந்தன. இரண்டும் அவள் டைப் அடித்துக் கொடுத்தவை.

திரும்பும்போது மூவரும் பேசத் தெம்பில்லாமல் தூங்கினோம். காலையில் மணியாச்சியில் தூத்துக்குடிப் பெட்டிகளைக் கழற்றி வேறு எஞ்சினில் மாட்டும்வரை வண்டி நின்றது. மேல் பலகையில் அண்ணன் இன்னும் படுத்திருந்தார். அவள் ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தாள். வேறு கேள்விகளைப் பற்றிப் பேசிவிட்டு அதற்கு வந்தேன்.

"கடைசிக் கேள்விக்கு என்னளா எழுதுன?"

"தண்ணி கலங்கிட்டு, அதனால முங்கலன்னு எழுதுனேன்."

"பத்தில அப்படி இல்லையே."

"இல்ல."

"தெரிஞ்சா எழுதுன?"

அவள் டீயை முடித்துக் கிளாஸை ஜன்னல் வழியே டீ விற்ற பையனிடம் கொடுத்தாள். "மொதல்ல கை தானா எழுதிட்டு. பெறவு பாத்தேன். அடிச்சிட்டு மாத்தி எழுத இருவது நிமிசம் இருந்துது. அவ்வளவு நேரமும் அந்தத் தாளையே பாத்துக்கிட்டு இருந்தேன். மாத்தல. நீ என்ன எழுதுன?" என்றாள்.

"பத்தில இருந்தத."

"அதான் சரி" என்றாள். குத்திக்காட்டும் குரலில் இல்லை. கைடில் விடையைச் சரிபார்க்கும்போது சொல்வாளே, அதே குரல்.

மேலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்: "ஏளா, பரிச்ச முடிஞ்ச பெறவுமா பாடம்? மனுசனத் தூங்க விடுங்க."

ஜூன் கடைசியில் முடிவு வந்தது. எனக்குச் சேர்க்கைக் கடிதத்தோடு ஒரு உறை, அவளுக்கு ஒரு அட்டை. அலுவலக முகவரிக்கு எழுதியிருந்ததால் இரண்டையும் தபால் பதிவேட்டில் நானே பதிந்தேன். அட்டை திறந்தே இருந்தது. ஆங்கிலம்: தேறவில்லை. தேறுவதற்கு மூன்று மதிப்பெண் குறைவு. மற்றத் தாள் பார்க்கப்படவில்லை.

எந்தக் கேள்விக்கு எத்தனை போட்டார்கள் என்று அட்டையில் இல்லை. எனவே அந்த ஒரு விடைதான் காரணம் என்று நான் எழுத முடியாது. அவள் அதிகம் தவறு செய்பவள் அல்ல என்பதையும், அந்தக் கேள்விக்குப் பத்து மதிப்பெண் என்பதையும் மட்டும் சொல்லலாம்.

அட்டையை அவள் மேசையில் வைத்தேன். படித்துவிட்டு இழுப்பறையில் போட்டாள். மெஷினில் பாதி அடித்த கடிதம் இருந்தது. அதை முடித்தாள். மாலையில் ஐந்து மணிக்கு இருவரும் எழுந்து வெளியே வந்தோம். அவ்வளவு வெளிச்சத்தில் வீட்டுக்குப் போய் எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. தலைமை எழுத்தர் மணியைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

டெல்லிக்குப் புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளக் கீழவைப்பாருக்குப் போனேன். அவள் அப்பா எனக்காகவே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் தவறியதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தேர்வில் முத்துக்குளிப்பு வந்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதில் அவருக்குச் சந்தோஷம்.

"எங்களப் பத்தியா எழுதியிருந்தான்? என்ன எழுதியிருந்தான் பிள்ள, சொல்லு."

நான் சொன்னேன். அவருடைய கேட்கும் காதுப் பக்கம் உட்கார்ந்து, பத்தியை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். மனப்பாடமாக இருந்தது. கல், கயிறு, மூச்சு. கயிறு பிடிக்கிற ஆள். மந்திரம் சொல்பவர் வந்ததும் அவர் சிரித்தார். "அந்த ஆள் பொழைக்கிற பொழப்பு. சரி, பெறவு?"

"எட்டு நாள் முங்கினாங்க."

"பெறவு?"

அங்கே நிறுத்தினேன். வாயில் வந்தது அந்த ஒரு வரிதான். நான் தேர்வில் எழுதிய வரி. அதைத் தமிழில் சொல்ல எனக்குச் சொல் கிடைக்கவில்லை, அதாவது, கிடைத்த சொற்கள் எல்லாம் அவர் வீட்டில் சொல்லக்கூடியவை அல்ல. அவர் காதைத் திருப்பி வைத்துக் காத்திருந்தார்.

அடுப்பங்கரையிலிருந்து கருப்பட்டிக் காப்பியோடு வந்த அவள் எனக்கும் அவருக்கும் நடுவில் தம்ளர்களை வைத்தாள்.

"ஒம்பதாம் நாள் தண்ணி கலங்கிட்டுப்பா. யாரும் முங்கல" என்றாள்.

அவர் தலையாட்டினார். "கலங்கினா எவன் முங்குவான்?" என்றார். "வெள்ளைக்காரன் பரவால்ல. பாத்துத்தான் எழுதியிருக்கான்."

காப்பியைக் குடித்தேன். நான்கரை மணி பஸ்ஸுக்கு அவள் கூடவே நடந்து வந்தாள். வழியில் ரயில் எத்தனை மணிக்கு, எந்தப் பெட்டி, குளிருக்குப் போர்வை வாங்கியாச்சா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். பஸ் ஏறியதும் மடித்த தாள் ஒன்றை ஜன்னல் வழியே கொடுத்தாள். இருபது சொற்கள், மறுநாளுக்கானவை. கார்பன் இல்லை, மேல்தாள்.