ஒட்டகத்துக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

மாடு மேய்க்கவா பிறந்தேன் என்று தாத்தாவிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் என் தாய்மாமா விமானம் ஏறினார். தோட்ட வேலை என்று விசா கொடுத்திருந்தார்கள். துபாய்ப் பக்கத்து ராஸ் அல் கைமாவில் இறங்கிய பிறகுதான், தண்ணீர் காட்ட வேண்டியது செடிகளுக்கு அல்ல, நாற்பது ஒட்டகங்களுக்கு என்று தெரிந்தது.

பாலைவனக் கொட்டகையில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. கிடைத்த அட்டைகளில் எல்லாம் கரியால் ஒட்டகம் வரைய ஆரம்பித்தார். இரண்டு வருஷத்தில் எந்த ஒட்டகம் எந்தக் காலை முதலில் மடக்கும் என்பதுவரை அவர் கைக்கு வந்துவிட்டது. ஒருநாள் அதை அவருடைய முதலாளி அர்பாப் பார்த்துவிட்டார். பந்தயத்தில் ஜெயித்த என் ஒட்டகத்தைப் பெரிய பலகையில் வரைந்து கொடு, பிடித்திருந்தால் டவுனில் என் மகனின் போர்டு எழுதும் கடையில் உனக்கு வேலை, இல்லையென்றால் பழையபடி கொட்டகைதான் என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கும் அதே டவுனில்தான் வேலை. மாமா லீவு நாளான வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து வரைந்தார். ஒட்டகம் வளர வளர நாங்கள் ஒடுங்கினோம். தம்பியின் தொட்டில் சமையலறைக்குப் போனது. ரேகை ரேகையாகக் கண்ணிமை முடிவரை வரைந்து முடித்த அன்று பில்டிங்கே வந்து பார்த்தது. அப்படியே உயிரோடு நிற்கிறதே என்று ஆளாளுக்குக் கண் வைத்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. தம்பியை யாராவது கொழுகொழுவென்று இருக்கிறான் என்றால் போதும், அம்மா அவன் கன்னத்தில் மை வைத்துவிடுவாள். ஒட்டகத்துக்கு மட்டும் யாரும் வைக்கவில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கியதும் அம்மாவின் மை டப்பாவை எடுத்தேன். இவ்வளவு பெரிய உடம்புக்குச் சின்னப் பொட்டு காணாது என்று கட்டைவிரலால் கன்னத்தில் அழுத்தமாக வைத்தேன்.

மறுநாள் காலை அர்பாப் வந்தார். படத்தைப் பார்த்து மலர்ந்த முகம் ஒட்டகத்தின் கன்னத்துக்கு வந்ததும் சுருங்கிவிட்டது. மாமா கண்ணால் பார்க்காத எதையும் வரைய மாட்டார் என்று அவருக்குத் தெரியும். இந்தச் சொறி எத்தனை நாளாக இருக்கிறது, ஏன் என்னிடம் மறைத்தாய் என்று மாமாவைக் கேட்டார். ஒன்றுக்குச் சொறி வந்தால் கொட்டகைக்கே பரவும். அதை மறைத்த மேய்ப்பனை எந்த முதலாளியும் மன்னிக்க மாட்டான்.

அப்பா எங்கள் பக்கம் திரும்பினார். “யாரு வெச்சது இதை?” என்றார். நான் பெருமையாக வாயைத் திறந்தேன். மாமா என் கறுத்த கட்டைவிரலைப் பார்த்தார்.

“நான்தான் மச்சான் வெச்சேன்.”

அதையே அர்பாபிடமும் தன் கொட்டகை அரபியில் சொன்னார். இது சொறி இல்லை, கண் படாமல் இருக்க வைத்தது, எங்கள் ஊரில் பெற்ற பிள்ளைக்குத்தான் இப்படி வைப்போம் என்றார். அர்பாப் பலகைக்குக் கிட்டே போய்ப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தன் பெரியப்பா மகனின் கண் எவ்வளவு பொல்லாதது என்பது உங்களுக்குத் தெரியாது என்றும், பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிசாக வைக்கும்படியும் சொன்னார்.

மாமாவுக்குக் கடையில் வேலை கிடைத்தது. அந்த அர்பாபின் சொந்தக்காரர்கள் எல்லாரும் பொட்டு வைத்த ஒட்டகமே வேண்டும் என்று வரிசையில் வந்தார்கள். நான் வைத்த பொட்டுக்கு அவர் பேர் வாங்கிக்கொண்டார் என்று எனக்கு ஒரே ஆத்திரம். ஒரு மாசம் அவரோடு பேசவில்லை. வாங்கி வந்த ஐஸ்கிரீமைக்கூடத் தம்பியிடம் தள்ளிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

வளர்ந்து, நானும் வேலைக்குப் போய், ஒரு தப்புக்காக முதலாளி முன்னால் நின்ற அன்றுதான் எனக்கு உறைத்தது. நான்தான் வெச்சேன் என்று மாமா சொன்னபோது அர்பாப் இன்னும் சிரித்திருக்கவில்லை.