எலுமிச்சை தேய்த்த கல்லறை

போன சனிக்கிழமை சிங்கப்பூரின் வடகோடியில் இருக்கும் செம்பவாங் போனேன். ஈசூனில் எங்கள் எதிர்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டிக்காக. இரண்டாம் உலகப் போரில் ஸ்ட்ரெச்சர் தூக்கிய அவருடைய சித்தப்பா, குண்டுவீச்சில் இறந்து அங்கே ஒரு சின்ன தேவாலயத்தின் பின்புறம் அடக்கமாகியிருக்கிறார். யாரும் உரிமை கோராத கல்லறைகளை இந்த மாத இறுதியில் அகற்றப்போகிறார்கள். கல்லில் பெயர் தெரியும் புகைப்படத்தைத் தேவாலயத்தில் கொடுத்தால் போதும், விட்டுவிடுவார்கள். ஆன்ட்டியால் நடக்க முடியாது.

காலை ஏழு மணிக்குத் தேக்கா சந்தையில் மல்லிகைச்சரம் மூன்று வெள்ளிக்கும், மென்மையான பிரஷ் இரண்டு வெள்ளிக்கும் வாங்கினேன். லிட்டில் இந்தியாவில் ரயிலேறி, டோபி காட்டில் மாறி, எட்டே கால் போலச் செம்பவாங். அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. வழியெல்லாம் ஆன்ட்டி சொன்ன காலம்தான் மனத்தில் ஓடியது: அவருடைய அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை; கல்லறைத் திருநாளன்று பட்டறை ஊழியர் குவார்ட்டர்ஸ் மொத்தமும் மெழுகுவர்த்தியோடு இந்தச் சாலையில் நடக்குமாம்.

இப்போது இடுப்பளவு புல். கல்லைக் கண்டுபிடிக்கவே நாற்பது நிமிடம். கறுத்துப்போன பளிங்கில் சித்தப்பா பெயரின் ‘ஆசீ’ மட்டும் தெரிந்தது. ஆன்ட்டி கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழத்தைக் கல்லில் தேய்க்க நறுக்கினேன்.

“அக்கா, கல்லுக்கு ஊறுகாயா போடப்போறீங்க?” புல் வெட்டிக்கொண்டிருந்தவர் மெஷினை அணைத்துவிட்டு வந்தார். முருகேசன், புதுக்கோட்டைக்காரர்; முன்பு பளிங்குத் தரை போடும் வேலை பார்த்தவர். “புளிப்பு பட்டா பளிங்கு கரைஞ்சிரும். இங்க பாருங்க, எழுத்தெல்லாம் எப்பவோ தேஞ்சிருக்கு.”

ஆன்ட்டியை வீடியோவில் அழைத்து, எப்போதும் எலுமிச்சையால்தான் தேய்ப்பார்களா என்று கேட்டேன்.

“வருஷா வருஷம் நாலு பழம்லா! அப்பா புழிவாரு, நான் தேய்ப்பேன். கல்லு பளபளன்னு இருக்கும்.” முருகேசன் சொன்னதை நான் சொன்னதும் ஆன்ட்டியின் முகம் மாறிவிட்டது. “அப்போ அவர் பேரை நாங்களேவா அழிச்சோம்?”

“எங்கம்மாவும் இப்படித்தாங்கம்மா, எதுக்கெடுத்தாலும் எலுமிச்சம்பழம்” என்றார் முருகேசன். ஆன்ட்டி சிரிக்கவில்லை.

வெறும் தண்ணீரும் பிரஷும் வைத்து ஒரு மணி நேரம் கழுவினோம். அப்போதும் பெயர் முழுதாகத் தெரியவில்லை. முருகேசன் குடையை விரித்து வெயிலை மறைத்தார். நான் ஒரு கையால் ஆன்ட்டிக்கு வீடியோவில் காட்டியபடி, முருகேசனின் கைப்பேசி விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தேன். பள்ளங்களில் நிழல் விழுந்தது. ஆன்ட்டிதான் முதலில் படித்தார், எழுத்தெழுத்தாக: “ஆ... சீர்... வா... தம்.” சித்தப்பாவின் முழுப் பெயர். படமெடுத்துவிட்டு மல்லிகைச்சரத்தைக் கல்மேல் வைத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: முன்கூட்டியே தேவாலயத்தில் அனுமதி கேளுங்கள். தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். எலுமிச்சை, புளி, ப்ளீச், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். எழுத்தைப் படிக்க விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். கொசு மருந்தை மறக்காதீர்கள். நான் மறந்தேன்.

திங்கட்கிழமை படத்தைக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். கல் இருக்கும். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குத் தானே வருவதாக ஆன்ட்டி சொல்கிறார். தேவாலய வாசலில் மூன்று படிகள்; சக்கர நாற்காலியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். முருகேசன் அன்றைக்கு இப்போதே லீவு சொல்லிவிட்டார்.