ஐந்தாம் அத்தியாயத்தில் கிளம்ப வேண்டியவன்

குளிர்காலத்தில் கடலே உறைந்துபோகும் வடக்கத்திய ஊரான கெமியில், நகராட்சியின் பனி தள்ளும் வண்டி ஓட்டும் ரவுனோ ஓர் ஆணோடு குடும்பம் நடத்துகிறான் என்பது டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கதை எழுதுகிறான் என்பதுதான் தெரியாது. தெரிந்தால் கேலி செய்வார்கள் என்று பயந்து மறைத்து வைத்திருந்தான்.

நூலகத்தின் மாடியில் புதன்கிழமைதோறும் எழுதுகிறவர்கள் சிலர் கூடுவார்கள்; ரவுனோவும் போவான். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் பிரித்து மேய்வார்கள். அங்கே ஒரே ஒரு விதி: பேச்சு முடிகிறவரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. பொதுவாகவே அதிகம் பேசாத ஊரான கெமியில் இந்த விதியால் சிரமப்பட்டவர்கள் குறைவு. ரவுனோவுக்கோ அது வீட்டுப் பழக்கம்.

வீட்டில் இருந்தவன் இல்க்கா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஊரில் நல்ல பேர். யார் வீடு மாற்றினாலும் சாமான் தூக்க முதல் ஆளாகப் போய் நிற்பான். நாட்கள் நன்றாகத்தான் போகும். பிறகு கரண்டி அதனிடத்தில் இல்லை என்று ஏதாவது ஆரம்பிக்கும். ரவுனோவின் கை கதவிடுக்கில் மாட்டும், அல்லது தோள் சுவரில் போய் மோதும். மறுநாள் இல்க்கா அழுவான். சின்ன வயதில் தன் அப்பாவிடம் வாங்கிய அடிகளைச் சொல்வான். அதில் பொய் ஏதும் கிடையாது. அப்புறம் மாவு பிசைந்து ஏலக்காய் பன் சுடுவான். பன் அருமையாக இருக்கும். ரவுனோ மன்னித்துவிடுவான்.

“ரெண்டு ஆம்பளைங்க தள்ளுமுள்ளு பண்ணிக்கிட்டா அதுக்குப் பேரு அடியாடா?” என்று இல்க்கா கேட்பான். வேறு என்ன பேர் என்று ரவுனோவுக்கும் தெரியவில்லை.

இதைத்தான் அவன் கதையாக எழுதினான். காலத்தை நூறு வருடம் பின்னால் தள்ளி, ஒரு தீவின் கலங்கரை விளக்கத்தில் சேர்ந்து வாழும் இரண்டு காவலர்களைப் பற்றியதாக ஆக்கினான். யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று கடைசியில் பன்னையும் மீன் சூப்பாக மாற்றினான். கணினியில் சொல்லை மாற்றும் பொத்தானை ஒருமுறை தட்டியதும் அத்தனை பன்னும் சூப்பாகிவிட்டன. இல்க்காவும் வாங்கிப் படித்தான். பெரிய காவலன் பாத்திரம் நன்றாக வந்திருப்பதாகவும், சின்னவன்தான் எந்நேரமும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உயிரை எடுப்பதாகவும் கருத்துச் சொன்னான்.

நான்காம் அத்தியாயம் வாசித்த அன்று ரவுனோ மணிக்கட்டில் கட்டோடு வந்திருந்தான். கூடவே ஒரு டப்பா நிறைய பன். எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டத்தை நடத்தும் நூலக ஊழியர் அந்தேரோ தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். “ஆணும் ஆணும் சேர்ந்து வாழுற கதையில இவ்வளவு அடிதடி வேணுமா? உங்க ஆளுங்களப் பத்தி ஊரு தப்பா பேசாதா?”

சந்தையில் மீன் விற்கிற மெர்யா, லீசா என்ற பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறவள். அவள்தான் பதில் சொன்னாள். “ஏன், எங்க ஆளுங்களுக்குக் கை கிடையாதா? நாங்களும் அடிப்போம், அடியும் வாங்குவோம். எல்லாரையும் தங்கமா எழுதி வச்சா, அடி வாங்குறவன் தன்னை எந்தப் புத்தகத்துல போய்த் தேடுவான்?”

அந்தேரோ அதை ஒப்புக்கொண்டு, வேறொரு குறைக்குத் தாவினார். அத்தியாயத்துக்கு அத்தியாயம் அதே கதை: அடி, அழுகை, சூப். படிக்கிறவனுக்கு அலுப்புத் தட்டுகிறது என்றார்.

சூப் என்றதும் மெர்யா தாள்களைப் புரட்டினாள்.

“எனக்கு ஒரு சந்தேகம். ‘மீன் சூப்பை உருட்டி, மேலே முட்டை தடவி, சர்க்கரை தூவி அடுப்பில் வைத்தான்’னு போட்டிருக்கு. இத்தனை வருஷமா மீன் விக்கிறேன், உருட்டுற சூப்பை நான் பாத்ததில்லையேப்பா.”

எல்லோரும் சிரித்தார்கள். மெர்யாவும் சிரித்தபடியே கையிலிருந்த பன்னைக் கடிக்கப் போனாள். பன்னின் மேலே சர்க்கரை. அதைப் பார்த்தாள். பிறகு ரவுனோவின் கட்டைப் பார்த்தாள். பன்னைத் தட்டில் வைத்துவிட்டாள்.

ரவுனோ விதிப்படி வாயை மூடிக்கொண்டிருந்தான்.

“அஞ்சாவது அத்தியாயத்துல சின்னவன் கிளம்பணும்,” என்றாள் மெர்யா.

தீவிலிருந்து எங்கே போவான், நம்பும்படி இருக்காதே என்றார் அந்தேரோ.

“கடல் உறைஞ்சு கெடக்குல்ல, நடந்து போவான். பெரியவன் சனிக்கிழமையானா பனியில ஓட்டை போட்டு மீன் புடிக்கப் போவான். அப்பத்தான் கிளம்பணும். சண்டைக்கு நடுவுல கிளம்புறதெல்லாம் சினிமாவுல. பாஸ்போர்ட்டை எடுத்துக்கணும்.”

“நூறு வருஷத்துக்கு முன்னாடி பாஸ்போர்ட்டா?” என்றார் அந்தேரோ.

“இருக்கட்டும், எடுத்துக்கட்டும்.” மெர்யா ரவுனோவைப் பார்க்காமல், தாளைப் பார்த்தே பேசினாள். “கரையில மீன் விக்கிற பொம்பளை ஒருத்தி இருக்கா. அவ வீட்டு மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு. அதையும் கதையில சேத்துக்கோ, ரவுனோ.”

கதையில் புதிய பாத்திரத்தை இவ்வளவு தாமதமாக நுழைக்கக் கூடாது என்று அந்தேரோ குறிப்பிட்டார். ரவுனோ மெர்யாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். தலையாட்டுவதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை இல்க்கா பனி துளைக்கும் கருவியோடு கடலுக்குப் போனான். ரவுனோ பாஸ்போர்ட், இரண்டு சட்டை, வேலைக்குப் போடும் பூட்ஸ் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மெர்யா வீட்டு மாடிக்குப் போனான். லீசா சாவியைக் கொடுத்து, குளியலறைக் குழாய் ஒழுகும் என்று மட்டும் சொன்னாள். அவன் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தான். சரியாக விழுந்தது.

அடுத்த புதன்கிழமை ஐந்தாம் அத்தியாயத்தை வாசித்தான். மேசையின் நடுவில் ஒரு டப்பா இருந்தது. இல்க்கா கீழே நூலகத்தில் கொடுத்துவிட்டுப் போனானாம். இன்னும் சூடு ஆறவில்லை. விஷயம் தெரியாத அந்தேரோ இரண்டு பன்னைத் தின்று முடித்துவிட்டு விமர்சனத்தைத் தொடங்கினார். கிளம்புகிற இடம் சப்பென்று இருக்கிறது, ஒரு கண்ணீர் உண்டா, ஒரு வசனம் உண்டா, பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விடுகிறான் என்றார்.

“ஆறாவது அத்தியாயத்துல மறுபடி சூப்பு வரும்,” என்றாள் மெர்யா. “கண்டிப்பா வரும். அப்ப என்ன பண்ணுவான்?”

ஏலக்காய் வாசனை அறை முழுக்க இருந்தது. ரவுனோவுக்குக் காலையிலிருந்து பசி.

“குடிக்க மாட்டான்,” என்றான்.

எழுதியவர் பேசக் கூடாது என்று அந்தேரோ, விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டே நினைவூட்டினார்.