சம்பும் ஒரு காலி வாளியும்

தில்லி துவாரகாவில் வாடகைக்கு இருந்தபோது, கடல்மீன் வளர்க்கவேண்டும் என்று என் கணவர் கிளம்பினார். எங்களுக்குள் வந்தது ஒரே சண்டைதான்: எந்தத் தொட்டி? நான் கேட்டது, எல்லாம் ஒன்றுக்குள் அடங்கிய தொட்டி. வடிகட்டியும் பம்பும் பின்பக்கத் தடுப்புக்குள்ளேயே இருக்கும். வெளியே குழாய் இல்லை, ஒழுகவும் வழியில்லை. அவர் கேட்டது சம்ப். மேலே மீன் தொட்டி, கீழே அலமாரிக்குள் இன்னொரு தொட்டி. தண்ணீர் கீழே இறங்கிச் சுத்தமாகி, பம்பு வழியாக மேலே ஏறும். தில்லி வெயிலுக்குத் தண்ணீர் நிறைய இருந்தால்தான் மீன் பிழைக்கும் என்பது அவர் கட்சி.

என் பயம் மீனைப் பற்றியது அல்ல. எங்கள் குளியலறை ஒழுகிக் கீழ்வீட்டுக் கூரை ஏற்கெனவே ஒருமுறை நனைந்திருந்தது. அங்கிருந்த பஞ்சாபி ஆன்ட்டி வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்ல, இன்னொரு புகார் வந்தால் காலி செய்யுங்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மகள் பத்தாம் வகுப்பு. அந்த நேரத்தில் வீடு தேடி அலைய எனக்குத் தெம்பில்லை.

கடைசியில் சம்ப்தான் வந்தது. பம்பு நின்றால் மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் இறங்கும், அதற்குச் சம்பில் இடம் வேண்டும் என்று அவரே சிவப்பு டேப் ஒட்டினார். அதைத் தாண்டித் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று எனக்கும் மகளுக்கும் பாடம் வேறு.

ஜூன் மாதம். காய்ந்து கிடந்த குழாயில் ஒரு ஞாயிறு காலை தண்ணீர் வந்தது. எப்போது நிற்குமோ தெரியாது. வாளி, குக்கர், இட்லிப் பானை என்று எல்லாவற்றையும் விளிம்புவரை நிரப்பினோம். இன்னும் வந்துகொண்டிருந்தது, பிடிக்கப் பாத்திரம் இல்லை. மீனுக்காக உப்புக் கரைத்து வைத்திருந்த பெரிய வாளி அவர் கண்ணில் பட்டது. அதைத் தூக்கிச் சம்பில் கவிழ்த்துவிட்டு, காலி வாளியைக் குழாயடியில் வைத்தார். பெரிய சாமர்த்தியம்!

அந்தப் பெருமையோடு அவர் காபி கேட்டபோது கரண்ட் போனது. இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான். பம்பு அடங்கி, தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. அலமாரியைத் திறந்தேன். சிவப்பு டேப் முழுகிக் கிடந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மொண்டு ஊற்ற வாளி கேட்டேன். வீட்டில் ஒரு காலி வாளிகூட இல்லை.

நிரம்பிய வாளியைப் பிடித்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார்.

"நல்ல தண்ணிடி. காத்துக் கிடந்து புடிச்சது."

"கொட்டுங்க. இல்லேன்னா வீட்டையே காலி பண்ணணும்."

கொட்டினார். வாளிகளோடு குக்கரும் இட்லிப் பானையும் காலியாயின. நான் மொள்ள, மகள் வாங்கிக் கொடுக்க, அவர் குளியலறைக்கு ஓட, விளிம்புக்கு ஒரு விரல் கீழே தண்ணீர் நின்றது. தரையில் சிந்தியதை அவருடைய துண்டாலேயே துடைத்தேன். மீன்கள் எதுவும் நடக்காததுபோல் வாயைத் திறந்து திறந்து மூடின. அவற்றின்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

அதற்குள் குழாயும் நின்றுவிட்டது. மாலையில் சமைக்கத் தண்ணீர் இல்லை. வேறு வழியில்லாமல் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆன்ட்டி எதுவும் கேட்கவில்லை. விளிம்புவரை நிரம்பிய வாளி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, பார்த்துப் போ பேட்டா, ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தக்கூடாது என்று இந்தியில் சொன்னார்.

அவர் தலைக்கு மேலே கூரையைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. சரி ஆன்ட்டி என்றேன்.