மணி அடிக்காத புதன்கிழமை

எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடுகிற அன்பியத்தில் என்னோடு சேர்ந்து செபமாலை சொல்பவர்களுக்கு இதில் பாதி தெரியும். நான் அழுதது தெரியும். ஏன் அழுதேன், எப்படி அழுகை நின்றது என்பதை இன்று எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். வரத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வது நன்றிகெட்டதனம்.

என் பெயர் பிலோமினா. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. என் ஒரே மகள் ஜான்சி அதே பள்ளியில்தான் படிக்கிறாள். போன வருடம் ஒன்பதாம் வகுப்பு. அவளுக்கு எழுத்துகள் நிலையாக நிற்பதில்லை. ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். எழுதினால் எண்கள் இடம் மாறிவிடும். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்லி, சான்றிதழும் கொடுத்தார். பெயர் தெரிந்து என்ன செய்ய?

சின்ன வயதில் "புரியலம்மா, புரியலம்மா" என்று என் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பாள். ஒன்பதாவது வந்தபோது அதை நிறுத்திவிட்டாள். எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவாள். பிள்ளை தொல்லை கொடுப்பதை நிறுத்தியபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒருவர்கூடத் தவறாமல் தேறினால்தான் வாசலில் பேனர் வைக்கலாம். அதனால் ஒன்பதாவது முடிகிறபோதே, தேறமாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, மரியாதையாக உட்காரவைத்து, டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எங்கள் பள்ளியிலும் அப்படித்தான் நடந்துவந்தது. அடுத்தது ஜான்சி என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த வருடம் புதிதாக வந்த தலைமையாசிரியை சிஸ்டருக்கு இந்த வழக்கம் பிடிக்கவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாப் பிள்ளைக்கும் எடம் இருக்கிற மாதிரி அடுத்த வருஷத்துக்கு ஒரு பாடத்திட்டம் போடுங்க மிஸ். ஜனவரியில நிர்வாகக் குழு கூடுது. அவங்க ஒத்துக்கிட்டா டி.சி. குடுக்கறத நிறுத்திடலாம்."

ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியங்களில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பென்சிலால் டைம்டேபிள் கட்டம் போடுவேன், ரப்பரால் அழிப்பேன். ஓவியம், இசை, தையல், தோட்டம், கணினி எல்லாம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். வாசிக்கத் தடுமாறுகிறவர்களுக்கு வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும். கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழை அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டும். நன்றாகப் படிக்கிறவர்களுக்கும் குறை வைக்கக்கூடாது. சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கும். கட்டத்துக்குள் போட்டால் அடங்காது. ஓவியத்துக்கு ஒரு பீரியட் கொடுத்தால் அறிவியல் டீச்சர் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவார். மாலையில் வைக்கலாம் என்றால், கம்பெனி பஸ்கள் சாலையை அடைப்பதற்குள் பள்ளி வேன் கிளம்பியாக வேண்டும். காலையில் சீக்கிரம் வைக்கலாம் என்றால், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி வருகிற ஆசிரியர்களுக்கு, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆட்கள் போன பிறகுதான் ஷேர் ஆட்டோவில் இடமே கிடைக்கும். இன்னும் ஒரே ஒரு டீச்சர் கிடைத்தால் எப்படியாவது சமாளிக்கலாம் என்றேன். சிஸ்டர் கையை விரித்துவிட்டார்.

ஆசிரியர் கூட்டத்தில் என் திட்டத்தை வைத்தபோது முதலில் எழுந்தவர் கணக்கு வாத்தியார் சேவியர் சார். பக்கத்துச் சேரப்பணஞ்சேரிக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் பீரியடில் மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது.

"தப்பா நெனச்சிக்காதீங்க மிஸ். ஒங்க பொண்ணு ஒருத்திக்காக ஸ்கூல் ரிசல்ட்ட தூக்கி ரோட்ல போட முடியாது. பெல் அடிக்கறதுக்குள்ள நான் போர்ஷன முடிக்கிறதா, ஒவ்வொருத்தருக்கா ஊட்டிக்கினு இருக்கிறதா?"

எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகள் மீதும் எனக்கு அக்கறை உண்டு. ஆனால் பென்சிலை எடுத்தால் முதலில் கண்முன் வருவது ஜான்சியின் முகம்தானே? அதை எப்படி மறுப்பேன்? கட்டங்களை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு என்ன பாடம் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டிலும் ஆறுதல் இல்லை. என் கணவர் பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். "வுடு பிலோ. சும்மா அழுதுகினு கெடக்காத. வேற ஸ்கூலே இல்லியா இன்னா?" என்றார். சொல்லிவிட்டு அவரே தட்டைத் தள்ளிவைத்து எழுந்துபோனார்.

பள்ளிச் சிற்றாலயத்தில் மாதா முன்னால் எப்போதும் கூட்டம். தேர்வு நெருங்கினால் நிற்கவும் இடமிருக்காது. மாதாவின் கணவர் சூசையப்பர் பாவம், ஓரமாகத் தனியாக நிற்பார். அதனால் அவருக்குரிய நாளான புதன்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் காலடியில் போய் உட்கார்ந்தேன். "ஐயா, நீரும் ஒரு பிள்ளையைக் காப்பாற்ற ஊர் விட்டு ஊர் தூக்கிக்கொண்டு ஓடியவர்தானே? என் பிள்ளையை வெளியே அனுப்பிவிடாதபடி உம் மகனிடம் சொல்லும். ஒரே ஒரு டீச்சரை அனுப்பச் சொல்லும்." வேறு செபம் எனக்கு வரவில்லை. சில புதன்கிழமைகளில் அதுவும் வரவில்லை. சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஏரி நிரம்பி, தண்ணீர் சாலைமேல் ஏறியது. கலெக்டர் விட்ட விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது வெயில் அடித்தது, ஆனால் ஸ்டேஷன் பக்கத்துச் சாலை அறுந்து கிடந்தது. ஷேர் ஆட்டோ ஒன்றும் ஓடவில்லை. சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் நடந்தே வந்துவிட்டார்கள். ஆசிரியர்களில் உள்ளூர்க்காரர்களான நாங்கள் ஐந்தே பேர்.

சிற்றாலயத்துக்குள் போய்ச் சூசையப்பரை முறைத்தேன். ஒரு டீச்சர் கேட்டால், இருக்கிறவர்களையும் பிடுங்கிக்கொள்வதா? சகோதர சகோதரிகளே, புனிதரிடம் அப்படிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

அது ஒரு புதன்கிழமை. கணக்குத் தேர்வு வைப்பதாக இருந்த நாள். டிரான்ஸ்ஃபார்மர் தண்ணீரில் நின்றதால் மின்சாரம் இல்லை. ஜெராக்ஸ் கடை திறக்காததால் வினாத்தாள் இல்லை. மணியும் மின்சார மணி, அதுவும் அடிக்கவில்லை. சிஸ்டர் எட்டாவதையும் ஒன்பதாவதையும் ஒரே ஹாலில் உட்காரவைத்தார். "டைம்டேபிள மறந்துடுங்க" என்றார். தானாகக் கணக்குப் போடக்கூடியவர்களை என்னிடம் விட்டார். சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் எல்லோரையும், எந்த வகுப்பானாலும், சேவியர் சாரிடம் அனுப்பினார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஜான்சி அந்தக் கூட்டத்தில் போய்க் கடைசியில் உட்கார்ந்தாள். நடுவே சுவர்கூட இல்லை, காதைப் பொத்திக்கொள்ளவும் வழியில்லை.

தாள் இல்லாததால் சார் கணக்கை வாயால் சொன்னார். ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். ஜான்சியின் முறை வந்தது. தலையை ஆட்டினாள்.

"தல ஆட்டாத. தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நான் இன்னிக்கு எங்கியும் ஓடப்போறதில்ல."

பிறகு என் பிள்ளையின் குரல் கேட்டது.

"புரியல சார்."

சார் இன்னொரு விதமாகச் சொன்னார். புரியவில்லை. அடுத்த பீரியடுக்கு மணி அடிக்க வேண்டிய நேரம், அடிக்கவில்லை. சார் சாக்பீஸை வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து மூன்றாவது தடவை சொன்னார். ஜான்சி விடை சொன்னாள். தப்பு. அடுத்ததைச் சரியாகச் சொன்னாள். அதற்குள் மற்றப் பிள்ளைகளும் "எனக்கும் புரியல சார்" என்று கை தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சாலை சரியாகும்வரை அப்படித்தான் ஓடியது. காலையில் கணக்கும் மொழியும் வகுப்பு பார்க்காமல். மதியம் எல்லோரும் சேர்ந்து தோட்டத்துச் சேற்றை அள்ளினார்கள், படம் வரைந்தார்கள், பாடினார்கள். நான் மாதக்கணக்கில் கட்டம் போட்டு நிற்காதது, ஆளும் கரண்டும் இல்லாத அந்த நாட்களில் தானாக நின்றது.

மின்சாரம் வந்து மணி அடித்த அன்று சேவியர் சார் என் மேஜைக்கு வந்தார்.

"மிஸ், ஒங்க பொண்ணு கொரல நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல."

"நான் சொல்லியிருக்கேனே சார், வாயால கேட்டா கொஞ்சம் சொல்லுவான்னு."

"சொன்னீங்க. எனக்குத்தான் கேக்க நேரமில்ல." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தக் கட்டத்த எடுங்க. ரெண்டு கிளாஸ் கணக்கையும் ஒரே நேரத்துல போட்டுப் பாக்கலாம். என் பீரியட்ல ஒண்ணு எடுத்துக்கோங்க."

ஜனவரிக் கூட்டத்தில் எனக்காகப் பேசியவரும் அவர்தான். "ரிசல்ட் கொறஞ்சா என்னியக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடம் நடத்திப் பார்க்கலாம் என்று குழு ஒத்துக்கொண்டது. அந்த வருடம் யாருக்கும் டி.சி. கொடுக்கவில்லை. வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். மறுநாள் ஓவர்டைம் வேலையை விட்டுவிட்டு, ஜான்சியோடு திருப்பலிக்கு வந்தார்.

ஜான்சி இப்போது பத்தாவது. தேர்வில் அவளுக்கு வாசித்துச் சொல்ல ஆள் கேட்டு எழுதியிருக்கிறோம். அவள் தேறுவாளா என்று எனக்குத் தெரியாது. பயம் போய்விட்டது என்று சாட்சி சொன்னால் அது பொய். ஆனால் இப்போது நான் ஒரே ஒரு வழியைக் காட்டி இப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஆண்டவருக்குப் பாடம் எடுப்பதில்லை. நான் இன்னும் ஒரு டீச்சரைக் கேட்டேன். அவர் என் கண்முன்னால் இருந்த சேவியர் சாரையே கொடுத்தார்.

எங்கள் பள்ளியில் புதன்கிழமைகளில் மதியம்வரை மணி அடிப்பதில்லை. சிஸ்டரின் ஏற்பாடு. சூசையப்பருக்கு நன்றியாகவா என்று நான் கேட்கவில்லை. போன புதன்கிழமை பக்கத்து வகுப்பில் நின்றிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தமாக, பயமில்லாமல் ஜான்சியின் குரல் கேட்டது: "சார், புரியல. இன்னொரு தடவ சொல்லுங்க."

என்னைப் போல் எல்லாக் கதவும் அடைபட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அழகான செபம் வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். என் பிள்ளை கேட்டதைப் போலவே அவரிடம் கேளுங்கள். ஆண்டவரே, புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லும். அவருக்கு மணி அடிப்பதில்லை.